மாற்றுத்திறனாளிகளிடம் பேசுவதும் அவர்களுக்குத் துணைநிற்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உலக மக்கள்தொகையில் ஏறத்தாழ 16 விழுக்காட்டினர், அதாவது ஆறில் ஒருவர், குறிப்பிடத்தக்க குறைபாட்டோடு வாழ்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் தனது 2022ஆம் ஆண்டு அறிக்கையில் கணக்கிட்டுள்ளது. எண்ணிக்கையில் அது சுமார் 130 கோடி. ஆகவே மாற்றுத்திறனாளி ஒருவரோடு பேசிப் பழகாமல் யாருடைய வாழ்நாளும் கழிவதில்லை. இருந்தும் முதல்முறை பேச நேரும்போது பலருக்கு நாக்கு எழுவதில்லை. எந்தச் சொல் புண்படுத்தும், எப்போது கை கொடுக்கலாம், எதைக் கேட்கலாம் என்று தயங்குகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை சொல்லப்படுகிறது.

"ஊனமுற்றவர்", "மாற்றுத்திறனாளி", "குறைபாடுடையவர்" ஆகியவற்றில் எதைச் சொல்வது?

பொது எழுத்திலும் மேடையிலும் "மாற்றுத்திறனாளி" என்று சொன்னால் பெரும்பாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். அரசு ஆவணங்களிலும் நாளிதழ்களிலும் நிலைபெற்றுவிட்ட சொல் அது. ஆனால் அந்தச் சொல்லை ஏற்காத மாற்றுத்திறனாளிகளும் இருக்கிறார்கள். கண் தெரியாதவருக்கு வேறு ஏதோ ஒரு திறன் இருந்தே தீர வேண்டும் என்ற எதிர்பார்ப்பை அது உண்டாக்குகிறது என்பதும், படிக்கட்டு மட்டுமே உள்ள கட்டடம், பேச்சை எழுத்தாகக் காட்டும் எழுத்துரை இல்லாத காணொளி போன்ற தடைகளை அது பூசி மெழுகிவிடுகிறது என்பதும் அவர்களுடைய வாதம். "ஊனம்" என்பதை ஒளித்து வைக்க வேண்டிய சொல்லாக அவர்கள் நினைப்பதில்லை. இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. பொதுவில் "மாற்றுத்திறனாளி" என்று சொல்லி, நேரில் ஒருவர் தம்மை எப்படிக் குறிப்பிடுகிறாரோ அப்படியே நாமும் குறிப்பிடுவது நடைமுறைக்கு ஒத்துவரும். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. "நான் குருடன்தானே" என்று ஒருவர் தம்மைப் பற்றிச் சிரித்துக்கொண்டே சொல்லலாம். கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல முடியாது.

பல சமயம் இந்தப் பொதுச் சொல்லே தேவைப்படாது. "புதிதாக வந்திருக்கும் கணக்காளர்" என்றாலே ஆள் தெரிந்துவிடும் இடத்தில் "அந்த மாற்றுத்திறனாளிக் கணக்காளர்" என்பது எதற்கு? பேசும் விஷயத்துக்குக் குறைபாடு தொடர்புடையதாக இருந்தால் மட்டும் சொல்லலாம். அப்போதும் "சக்கர நாற்காலி பயன்படுத்துபவர்" என்று குறிப்பாகச் சொல்வதே மேல், ஏனென்றால் அவருக்கு என்ன ஏற்பாடு வேண்டும் என்பதும் அதிலேயே தெரிந்துவிடுகிறது.

எந்தச் சொற்களைக் கைவிட வேண்டும், அவற்றுக்குப் பதில் என்ன?

குருடன், செவிடன், நொண்டி, முடவன், பைத்தியம், குஷ்டரோகி ஆகியவை பெயர்ச் சொற்களாக இருந்து வசைச் சொற்களாகிவிட்டவை. பார்வையற்றவர் அல்லது பார்வைக் குறைபாடு உடையவர், காது கேளாதவர், கை கால் இயக்கக் குறைபாடு உடையவர், மனநலப் பாதிப்பு உள்ளவர், தொழுநோயிலிருந்து குணமடைந்தவர் என்று சொல்லலாம். "மனவளர்ச்சி குன்றியவர்" என்பது இன்னும் சில பலகைகளில் காணப்பட்டாலும், "அறிவுசார் குறைபாடு உடையவர்" என்பதே இன்று ஏற்கப்படுவது. அறிவுசார் குறைபாடும் மனநோயும் ஒன்றல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் படித்தவர்களிலும் ஏராளம்.

"ஊமை" என்ற சொல்லில் இழிவோடு பிழையும் சேர்ந்திருக்கிறது. காது கேளாதவர்களில் பெரும்பாலோருக்குக் குரல் நாண்களில் எந்தக் கோளாறும் இல்லை. பேச்சைக் கேட்டுப் பழகும் வாய்ப்பு இல்லாததால்தான் வாய்ப்பேச்சு வரவில்லை. சைகை மொழியில் அவர்கள் சரளமாகப் பேசுகிறார்கள், வாதிடுகிறார்கள், கேலி செய்கிறார்கள். தனக்கென இலக்கணம் உடைய முழுமையான மொழி அது என்பதை அமெரிக்கச் சைகை மொழியைக் கொண்டு மொழியியலாளர் வில்லியம் ஸ்டோக்கோ 1960இல் நிறுவினார். அதற்கு 80 ஆண்டுகள் முன்பு, 1880இல், இத்தாலியின் மிலான் நகரில் கூடிய, காது கேளாதோர் கல்விக்கான ஆசிரியர் மாநாடு வாய்ப்பேச்சே உயர்ந்தது என்று தீர்மானம் போட்டதால், பல நாடுகளின் பள்ளிகளிலிருந்து சைகை மொழி விரட்டப்பட்டது. அதே மாநாட்டின் தொடர்ச்சியாக 2010இல் கனடாவின் வான்கூவரில் நடந்த கூட்டம் அந்தத் தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. "ஊமை" என்று சொல்லும்போது அந்தப் பழைய தீர்மானத்தின் பக்கம் நாம் நிற்கிறோம்.

சொல்லை மாற்றிவிட்டால் போதுமா? வாக்கியத்தில் கவனிக்க வேண்டியது ஏதும் உண்டா?

பெயர்ச்சொல்லைவிட வினைச்சொல்தான் அதிகம் காட்டிக்கொடுக்கிறது. "ஆட்டிசத்தால் அவதிப்படும் இளைஞர்", "சக்கர நாற்காலியில் முடங்கிய பெண்" என்று எழுதும்போது, அவர்களைக் கேட்காமலேயே அவர்களுடைய வாழ்க்கைக்குத் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். சக்கர நாற்காலியால் யாரும் முடங்குவதில்லை. அது இருப்பதால்தான் அந்தப் பெண் வேலைக்குப் போய் வருகிறார். "ஆட்டிசம் உடைய இளைஞர்", "சக்கர நாற்காலி பயன்படுத்தும் பெண்" என்பதில் செய்தி மட்டும் இருக்கிறது, ஒப்பாரி இல்லை.

அடுத்தது "ஆலும்" என்ற இழுவை. "பார்வை இல்லாவிட்டாலும் முனைவர் பட்டம்", "கால் இல்லாவிட்டாலும் தன்னம்பிக்கை" என்று தலைப்பு போடாத இதழ் இல்லை. பார்வை இல்லாதவர் படிக்க மாட்டார், கால் இல்லாதவருக்குத் தன்னம்பிக்கை வராது என்ற எண்ணம் அந்த "ஆலும்" விகுதிக்குள் உட்கார்ந்திருக்கிறது. அவருடைய ஆய்வு எதைப் பற்றியது என்று தலைப்பில் சொல்லியிருந்தால் அவரே அதிகம் மகிழ்ந்திருப்பார். அதுபோலவே, மாற்றுத்திறனாளிகளுக்கு எதிர்ப்பதமாக "நார்மலானவர்கள்", "சாதாரண மனிதர்கள்" என்று எழுதுவதையும் தவிர்க்கலாம். "குறைபாடு இல்லாதவர்கள்" என்றால் பொருள் தெளிவாகவே விளங்கும்.

பழமொழிகளைக்கூடச் சொல்லக் கூடாதா?

சட்டம் போட்டுத் தடுக்க வேண்டிய விஷயம் அல்ல. ஆனாலும் "செவிடன் காதில் ஊதிய சங்கு" என்று கூட்டத்தில் ஒருவர் சொல்லும்போது, செவிப்புலன் கருவி அணிந்தவர் அங்கே உட்கார்ந்திருந்தால் அந்தச் சங்கு அவரைப் பார்த்து ஊதப்படுவதாகவே இருக்கும். அந்த இடத்தில் "விழலுக்கு இறைத்த நீர்" என்றால் பொருளும் குறையாது, தமிழும் குறையாது. "நொண்டிச் சாக்கு" என்பதற்குச் "சப்பைக்கட்டு" இருக்கிறது. "குருட்டு அதிர்ஷ்டம்" என்பதை "எதிர்பாராத அதிர்ஷ்டம்" என்று சொல்லலாம். "கண்மூடித்தனமாக" என்பதில் எனக்குக் குறை தெரியவில்லை. கண்ணை மூடிக்கொள்வது கண் தெரிகிறவர் வேண்டுமென்றே செய்வது.

பழமொழிகளைவிட முதலில் விட வேண்டியவை "லூசு", "மெண்டல்", "நட்டு கழன்ற கேஸ்" ஆகியவைதாம். பழமொழியை எப்போதாவது சொல்கிறோம். இவற்றைத் தினமும் சொல்கிறோம். மனநலச் சிகிச்சைக்குப் போக வேண்டிய ஒருவர் போகாமல் தள்ளிப்போடுவதற்கு, நண்பர்கள் இப்படிச் சிரித்துப் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருப்பதும் ஒரு காரணம்.

நீங்கள் என்பதா, நீ என்பதா?

இதைக் கேள்வியாகக் கேட்பவர்கள் குறைவு. தவறு செய்கிறவர்கள் அதிகம். தமிழில் மரியாதை சொல்லில் இருப்பதைவிட விகுதியில் இருக்கிறது. நாற்பது வயதுக்காரர் ஒருவர் சக்கர நாற்காலியில் வந்து, தம் தங்கையோடு ஓர் அலுவலகத்தில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மேசைக்குப் பின்னால் இருப்பவர் தங்கையைப் பார்த்து, "இவனுக்குக் கையெழுத்துப் போட வருமா?" என்று கேட்கிறார். அண்ணனின் சட்டைப் பையில் பேனா இருக்கிறது; விண்ணப்பத்தை நிரப்பியதும் அவர்தான். ஆனால் படிவம் தங்கையின் பக்கமே நகர்த்தப்படுகிறது, விளக்கமும் தங்கைக்கே சொல்லப்படுகிறது. இந்தக் காட்சியில் தடைசெய்ய வேண்டிய ஒரு வசைச் சொல்கூட இல்லை. "இவனுக்கு" என்ற விகுதியும் பார்வை போன திசையும் மட்டும்தான் இருக்கின்றன.

ஆகவே எதிரே இருப்பவரை நேராகப் பார்த்து, அந்த வயதில் உள்ள எவரையும் விளிப்பது போலவே விளிக்க வேண்டும். ஐயா, அம்மா, சார், மேடம், அண்ணா, அக்கா என்று மற்றவர்களுக்குச் சொல்லும் எதுவும் அவருக்கும் பொருந்தும். மொழிபெயர்ப்பாளரோ உதவியாளரோ உடன் இருந்தாலும் கேள்வி அவருக்குத்தான். "அவரிடம் கேளுங்கள், என்ன வேண்டுமாம்?" என்று மொழிபெயர்ப்பாளரிடம் சொல்வதற்குப் பதில், "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று காது கேளாதவரையே கேட்டால், மொழிபெயர்ப்பாளர் அதைக் கைகளால் சொல்லிவிடுவார். அறிவுசார் குறைபாடு உடைய பெரியவர்களிடம் மழலைக் குரலில் கொஞ்சிப் பேசுவதும் இதே தவறின் இன்னொரு முகம். சிறு வாக்கியங்களில், ஒரு நேரத்தில் ஒரு செய்தியாகச் சொல்லி, விடைக்குக் காத்திருந்தால் போதும்.

"தெய்வக் குழந்தை" என்பது பாராட்டுதானே?

சொல்பவருக்குப் பாராட்டு, கேட்கும் பெற்றோருக்குப் பெரும்பாலும் பாரம். தெய்வக் குழந்தைக்குக் கோபம் வரக்கூடாது, அடம் பிடிக்கக்கூடாது, பெரியவரானதும் காதல் வரக்கூடாது என்றெல்லாம் அந்த மகுடத்தோடு சேர்ந்தே வருகிறது. அதைவிட மோசமானது "போன பிறவியில் செய்த பாவம்" என்ற விளக்கம். இரண்டும் குழந்தையை மனிதக் குழந்தையாக விடுவதில்லை. உச்சுக் கொட்டுவதையும் இந்த வரிசையில் சேர்க்க வேண்டும். பார்வையற்றவர்களுக்கு அந்த ஒலி வேறு எதையும்விடத் தெளிவாகக் கேட்கிறது.

சாதனை படைத்தவர்களைப் பார்த்து ஊக்கம் பெறுவதிலுமா தவறு?

விளையாட்டு வீராங்கனையின் ஓட்டத்தைப் பார்த்து வியப்பதில் தவறு இல்லை. அலுவலகத்துக்கு நேரத்தில் வந்ததற்காகவும் தனியாகப் பேருந்து ஏறியதற்காகவும் ஒருவரைப் புகழ்வதில்தான் கோளாறு இருக்கிறது. சக்கர நாற்காலி பயன்படுத்திய ஆஸ்திரேலிய இதழாளர் ஸ்டெல்லா யங், 2014இல் ஆற்றிய உரை ஒன்றில் இந்தப் போக்கைக் கடுமையாகச் சாடினார். மாற்றுத்திறனாளிகளின் படத்தைக் காட்டி, "இவரே செய்யும்போது உன்னால் முடியாதா?" என்று மற்றவர்களைத் தேற்றுவது, ஒரு சாராரை இன்னொரு சாராரின் பயனுக்காகப் பொருளாக்குவது என்பது அவர் சொன்னதன் சாரம். அந்த உரைக்குப் பின் இத்தகைய படங்களைப் பகிரும் கை சற்றேனும் தயங்க வேண்டும்.

உதவி செய்யலாமா? கேட்டால் கோபப்படுவார்களோ?

கேட்டுவிட்டுச் செய்யலாம், கேட்காமல் செய்யக் கூடாது. "உதவி வேண்டுமா?" என்று கேட்டு, "வேண்டாம்" என்றால் விட்டுவிட வேண்டும். "வேண்டும்" என்றால் "எப்படிச் செய்யட்டும்?" என்பது அடுத்த கேள்வி. முதல் கேள்வியைக் கேட்டவர்களில் பலர் இரண்டாவதைக் கேட்பதில்லை.

சாலையைக் கடக்க நிற்கும் பார்வையற்றவரின் கையைப் பிடித்து இழுப்பது, வெண்கோலைப் பிடித்து வழிகாட்டுவது, முதுகில் கை வைத்துத் தள்ளுவது மூன்றுமே அவரை நிலைகுலைய வைக்கும். தரையை அவருக்குச் சொல்வது அந்தக் கோல்தான். உங்கள் கையை நீட்டினால், முழங்கைக்குச் சற்று மேலே அவர் பிடித்துக்கொள்வார். நீங்கள் அரை அடி முன்னால் நடந்தால் உங்கள் உடலின் அசைவிலிருந்தே திருப்பமும் மேடும் அவருக்குத் தெரிந்துவிடும். படி வந்தால், "படி" என்று மட்டும் சொல்லாமல் ஏறுபடியா இறங்குபடியா என்று சொல்ல வேண்டும். "அங்கே", "இந்தப் பக்கம்" என்பதால் பயனில்லை. "உங்கள் இடப்புறம் நான்கு அடி தள்ளி நாற்காலி இருக்கிறது" என்றால் அவரே போய் உட்காருவார். அறையை விட்டுப் போகும்போது சொல்லிக்கொண்டு போங்கள். வெற்று நாற்காலியோடு பேசவிட்டுச் செல்வதைப் போன்ற அவமானம் வேறில்லை.

சக்கர நாற்காலி அதைப் பயன்படுத்துபவரின் உடலைச் சேர்ந்தது என்று நினைத்துக்கொண்டால் பல தவறுகள் தாமே நின்றுவிடும். அதன் மேல் சாய்வதோ, பையை மாட்டுவதோ, சொல்லாமல் தள்ளுவதோ கூடாது. பேச்சு நீளும் என்றால் நீங்களும் உட்கார்ந்து கண் மட்டத்தில் பேசலாம். கழுத்து அவருக்கும் வலிக்கும்.

காது கேளாதவரிடம் உரக்கப் பேசினால் கேட்குமா?

கேட்காது, முகம் மட்டும் கோணலாகும். செவிப்புலன் கருவி எல்லா ஒலியையும் சேர்த்தே பெரிதாக்குவதால், கத்துவது காதை உறுத்தவும் செய்யும். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி நின்று, வாயைக் கையால் மறைக்காமல், வழக்கமான வேகத்தில் பேசுங்கள். உதட்டசைவைப் படித்தே எல்லாவற்றையும் புரிந்துகொள்வார் என்று நம்பிவிட வேண்டாம். கண்ணாடி முன் நின்று "படம்", "மடம்" என்று ஒலியில்லாமல் சொல்லிப் பாருங்கள், உதட்டில் இரண்டும் ஒன்றுதான். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வதைவிட வேறு சொல்லில் சொல்வதும், கைப்பேசியில் எழுதிக் காட்டுவதும் பயன் தரும். "பரவாயில்லை, பெரிய விஷயம் இல்லை, விடுங்கள்" என்று பாதியில் கைவிடுவதுதான் அவர்களை மிகவும் நோகடிக்கிறது.

திக்கிப் பேசுபவரின் வாக்கியத்தை நீங்கள் முடித்துவைக்க வேண்டாம். மூளை முடக்குவாதம் உள்ளவரின் பேச்சு புரியாவிட்டால், புரிந்ததாகத் தலையாட்டாமல், மறுபடி சொல்லும்படி கேட்கலாம்.

பார்வையற்றவரிடம் "அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லலாமா?

தாராளமாக. அவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறார், அவர் ஏன் முன்னுரிமை இருக்கையில் உட்கார்ந்திருக்கிறார்?

வலிப்பு, நாள்பட்ட வலி, பகுதியளவு செவித்திறன் இழப்பு, மனநலப் பாதிப்பு, ஆட்டிசம் எதுவும் முகத்தில் எழுதி ஒட்டியிருக்காது. சிறிது தூரம் நடந்துவிட்டு அதற்குமேல் சக்கர நாற்காலி தேவைப்படுகிறவர்களும் உண்டு; அவர்கள் எழுந்து நிற்பதைப் பார்த்ததும் "நடிக்கிறார்" என்று முணுமுணுப்பது அறியாமை. வெளியே தெரியாத குறைபாடு உள்ளவருக்குக் கூடுதல் நேரமோ உதவியோ தேவைப்படலாம் என்று ஊழியர்களுக்கு உணர்த்துவதற்காக, 2016இல் லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் சூரியகாந்திப் பூ போட்ட பச்சைக் கழுத்துப்பட்டை அறிமுகமாகி, பின்னர் வேறு நாடுகளுக்கும் பரவியது. பட்டை இல்லாதவரும் சான்றிதழை உங்களிடம் காட்டக் கடமைப்பட்டவர் அல்லர்.

"எப்படி ஆனது? பிறவியிலேயேவா?" என்று கேட்கலாமா?

பழகி நெருங்கிய பிறகு அவராகச் சொல்லும்வரை காத்திருங்கள். முன்பின் தெரியாத வேறு யாரிடமும் அவருடைய மருத்துவ வரலாற்றைக் கேட்க நாம் துணிய மாட்டோம். குழந்தைகள் கேட்பது வேறு. "அந்த மாமாவுக்கு ஏன் ஒரு கால் இல்லை?" என்று குழந்தை சத்தமாகக் கேட்டால், வாயைப் பொத்தி இழுத்துக்கொண்டு போக வேண்டாம், பேசக்கூடாத ஏதோ ஒன்று அங்கே இருப்பதாகக் குழந்தை கற்றுக்கொள்ளும். "சிலருக்கு ஒரு கால் இருக்கும், அவர் ஊன்றுகோல் வைத்து நடப்பார்" என்று அதே குரலில் சொல்லிவிட்டு நகரலாம்.

துணைநிற்பது என்றால் சொல்லைத் திருத்துவதைத் தாண்டி என்ன செய்வது?

முதலில் தடை எங்கே இருக்கிறது என்று பார்க்கப் பழக வேண்டும். மனிதர்களை முடக்குவது உடற்குறை அல்ல, அதைக் கணக்கில் எடுக்காத சமூகமே என்ற கருத்தை இங்கிலாந்தின் மாற்றுத்திறனாளிகள் குழு ஒன்று 1976இல் முன்வைத்தது. பிரிட்டிஷ் சமூகவியலாளர் மைக் ஆலிவர் 1983இல் அதற்குச் "சமூக மாதிரி" என்று பெயர் சூட்டினார். 2006 டிசம்பர் 13 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்று, 2008 மே 3 முதல் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையும், குறைபாடு தடைகளோடு மோதும்போதுதான் பங்கேற்பு தடைபடுகிறது என்றே பேசுகிறது. வலியும் சோர்வும் தடைகளை நீக்கினாலும் நீங்காது என்று இந்த மாதிரியை விமர்சிக்கிற மாற்றுத்திறனாளிகளும் இருக்கிறார்கள். அதையும் கேட்க வேண்டும்.

இதை நடைமுறையில் பார்க்க ஒரு கூட்டம் போதும். அழைப்பிதழிலேயே "உங்களுக்கு என்ன ஏற்பாடு வேண்டும்?" என்ற வரியும் தொடர்பு எண்ணும் இருக்கட்டும். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற அளவில் சாய்தளம் இருக்கிறதா, அது மேடைக்கும் இருக்கிறதா என்று பாருங்கள். பார்வையாளர் பகுதிக்கு மட்டும் சாய்தளம் போடுவது, மாற்றுத்திறனாளி பேச வர மாட்டார் என்று முன்பே முடிவு கட்டுவதாகும். கழிப்பறைக் கதவு சக்கர நாற்காலி நுழையும் அகலமா என்பதை அளந்து பாருங்கள்; சாய்தளத்தைப் படம் எடுத்துப் போடுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். சைகை மொழிபெயர்ப்பாளருக்கான செலவை வரவு செலவுத் திட்டத்தின் தொடக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். கடைசியில் மிஞ்சினால் பார்க்கலாம் என்று விட்டால் மிஞ்சாது.

அவர்கள் சார்பில் நான் பேசலாமா?

அவர்கள் இல்லாத இடத்தில் கேலி எழுந்தால் நீங்கள்தான் பேச வேண்டும். அங்கே மௌனம் சிரிப்பில் சேர்ந்துகொள்வதாகும். "அந்தச் சொல் வேண்டாமே, பார்வையற்றவர் என்று சொல்லலாம்" என்று சண்டையில்லாமல் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடரலாம். நீங்களே தவறிச் சொல்லிவிட்டாலும் இதே அளவு போதும்: ஒரு வரி மன்னிப்பு, சரியான சொல், பிறகு விட்ட இடத்திலிருந்து பேச்சு. நீண்ட மன்னிப்பு கேட்டு, உங்களைத் தேற்றும் வேலையையும் அவர் தலையில் கட்ட வேண்டாம்.

அவர்கள் இருக்கும் இடத்தில் ஒலிவாங்கியை அவர்களிடம் கொடுங்கள். "எங்களைப் பற்றிய எதையும் எங்களை விட்டுவிட்டு முடிவு செய்யாதீர்கள்" என்பது மாற்றுத்திறனாளிகள் இயக்கத்தின் உலகறிந்த முழக்கம். ஆலோசனைக்கு அழைத்தால் மற்ற வல்லுநர்களுக்குத் தருவது போல அவர்களுக்கும் ஊதியம் கொடுங்கள். ஒருவர் சொன்னதை எல்லா மாற்றுத்திறனாளிகளும் சொன்னதாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். சக்கர நாற்காலிக்கு வசதியான சமதளத் தரையில், நடைபாதை எங்கே முடிகிறது என்று வெண்கோலுக்குத் தெரியாமல் போகலாம். இருவரையும் அழைத்தால்தான் அந்தத் தரையில் தொட்டுணரும் ஓடுகள் பதிக்க வேண்டும் என்பது தெரியவரும்.

இணையத்தில் பகிரும்போது செய்ய வேண்டியது ஏதும் உண்டா?

காணொளிக்கு எழுத்துரை சேருங்கள். தானாக உருவாகும் தமிழ் எழுத்துரையைத் திருத்திய பிறகே வெளியிடுங்கள். படத்துக்கு மாற்று உரை எழுதுங்கள். திரைவாசிப்பான் அதைத்தான் பார்வையற்றவருக்குப் படித்துக் காட்டுகிறது. அறிவிப்பைப் படமாக்கிப் பகிர்ந்துவிட்டு மாற்று உரையில் "அறிவிப்பு" என்று மட்டும் எழுதினால் அவருக்கு ஒன்றும் தெரியாது. "ஆண்டுக் கூட்டம் ஞாயிறு காலை 10 மணிக்கு, தரைத்தள அரங்கில், சைகை மொழிபெயர்ப்பு உண்டு" என்று படத்தில் உள்ள செய்தி முழுவதையும் அங்கே எழுத வேண்டும்.